பாலத்தை மாற்றலாம், பாதையின் அகலத்தை மாற்றலாகாது

ரயில்வேயில் பழைய பாலத்தின் கர்டரை மாற்றும்போது சில மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி வைப்போம். பழையது போய்ப் புதியது வரும். ஆனால் மேலே செல்லும் அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் மாறாது. மாறினால் வண்டி ஓடாது.

கணிப்பொறி நிரல் எழுதுவோருக்கும் இத்தகைய பணி உண்டு. வெளியே தெரியும் செயல் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் சீர்படுத்துவதை ரீஃபாக்டரிங் என்பர்.

என் பேரன் பொறியியல் மாணவன். ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைந்து எதிரொலி, ஒலியளவு போன்றவற்றைக் கவனிக்கும் துணை நிரலுக்குப் பிளக்-இன் என்று பெயர். அவற்றை உருவாக்க அவன் சி மொழியில் ஒரு லைப்ரரி எழுதியிருந்தான். 2022-இல் முதல் பதிப்பு வெளிவந்த 'கிளாப்' என்ற இணைப்பு முறையை ஒட்டியது அது. சங்கத்துப் பொங்கல் விழாவில் நம் குழந்தைகள் பாடியதை அதைக் கொண்டே பதிவு செய்திருந்தோம்.

விடுமுறையில் நிரலைச் சீர்படுத்தினான். பிறகு அப்பதிவைத் திறந்தால், குழந்தைகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது!

"தாத்தா, நான் எதையும் மாத்தலை. அடுக்கி மட்டும்தான் வெச்சேன்" என்றான்.

அடுக்கியதில்தான் தவறு. பிளக்-இன்னின் ஒவ்வொரு குமிழுக்கும் ஓர் எண் உண்டு. எந்த நொடியில் ஒலியளவைக் கூட்டுவது, குறைப்பது என்பதைப் பதிவு மென்பொருள் அந்த எண்ணைக் கொண்டே குறித்து வைக்கிறது. பேரனோ பட்டியலின் வரிசையையே எண்ணாகக் கொண்டிருந்தான். வரிசை மாறியதும் ஒலியளவுக்கு இட்ட கட்டளை எதிரொலிக்குப் போய்விட்டது. அந்த எண்தான் இங்கே 1,676.

நிரல் பழகும் நம் பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டியவை நான்கு.

1. குமிழ்களின் எண்களை வெளிப்படையாக எழுதி வையுங்கள். நீக்கிய குமிழின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

2. எதிரொலிக்கான நினைவகத்தைப் பொது மாறியாக வைக்காதீர்கள். ஒரே பிளக்-இன்னை இரு பாடகர்களுக்குப் பயன்படுத்தினால் ஒருவர் குரல் மற்றவர் குரலில் கலக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்ட்ரக்ட் அமைத்து, அதன் பாயிண்டரை ஃபங்ஷனுக்குக் கொடுங்கள்.

3. நொடிக்கு 48,000 மாதிரிகள், தவணைக்கு 256 என்றால், ஒரு தவணையை முடிக்கக் கிடைப்பது சுமார் 5.3 மில்லி நொடி. அதற்குள் 'மாலாக்' கேட்டு நினைவகத்துக்குக் காத்திருந்தால் ஒலி வெட்டும். நினைவகத்தைத் தொடங்கும்போதே வாங்கிவிடுங்கள். புறப்படும் முன்பே டீசல் நிரப்புவதில்லையா?

4. பழைய நிரலின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே பதிவைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். மிஞ்சுவது நிசப்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பின்பும் இதைச் செய்தால் தவறு எந்த அடியில் நேர்ந்தது என்பது உடனே தெரியும்.

பேரன் பழைய எண்களைத் திரும்ப இட்டான். பிள்ளைகளின் குரல் தெளிவாக வந்தது. அவர்களில் இருவர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்ய முடியாது.

பயிற்சி: நொடிக்கு 44,100 மாதிரிகள், தவணைக்கு 441 எனில் கிடைக்கும் நேரம் எவ்வளவு? (விடை: 10 மில்லி நொடி)