காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டும்: ஆன்லைன் தெரபிஸ்ட் தேடுவோருக்கு

குடியையோ சிகரெட்டையோ செல்போன் சூதாட்டத்தையோ விட்டுவிட வேண்டும் என்று ஒரு மனம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்று இன்னொரு மனம். இப்படி இருக்கிறவர்கள் இன்று நள்ளிரவில் போனை எடுத்துத் தெரபிஸ்ட் தேடுகிறார்கள். நல்லதுதான். எங்கள் காலத்தில் டி-அடிக்‌ஷன் வார்டுக்குத் தானாக வந்தவர்கள் குறைவு. மச்சினனோ மாமனாரோ ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். அப்படி ஒரு வார்டில் சமூகப் பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் தெரிந்த ஆள் யாராவது ஆன்லைனில் இருக்கிறார்களா?" என்று உறவிலும் நட்பிலும் கேட்கிறார்கள். ஆள் பெயர் நான் சொல்வதில்லை. தேடும் முறையைச் சொல்கிறேன்.

1. முதலில், தேடுவது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இல் நார்வேயின் பெர்கன் நகருக்குப் போயிருந்தார். அங்கே இளம் உளவியலாளர்கள் நோயாளியாக நடிக்க, அவர் பேசிக் காட்டுவார். அவர்கள் நடுவில் நிறுத்தி, "இப்போது ஏன் இதைக் கேட்டீர்கள்? ஏன் அதைக் கேட்கவில்லை?" என்று குடைந்தார்கள். அதற்குப் பதில் சொல்லப்போய்த்தான் தன் முறை என்ன என்பது அவருக்கே தெளிவானது. 1983-இல் கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991-இல் புத்தகமாக்கினார், அதன் நான்காம் பதிப்பு 2023-இல் வந்தது. அதுதான் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங், துறையில் சுருக்கமாக எம்.ஐ. என்போம்.

இதன் உள்சரடு ஒன்றுதான். மாற வேண்டியதற்கான காரணங்கள் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும், தெரபிஸ்ட் வாயிலிருந்து அல்ல. இரண்டு மனமாக இருப்பவரிடம் எதிராளி ஒரு பக்கத்தைப் பிடித்து வாதாடினால், அவர் தன்னையறியாமல் மறுபக்கத்துக்கு வக்கீல் ஆகிவிடுவார். தெரபிஸ்ட் எவ்வளவுக்கு மோதினாரோ அவ்வளவுக்கு அந்த நோயாளி ஓராண்டு கழித்தும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார் என்று மில்லரும் கூட்டாளிகளும் 1993-இல் எழுதினார்கள். வார்டில் வேலை பார்த்த எங்களுக்கு அது புதுச் செய்தியே அல்ல.

2. தினமும் குடிக்கிறவர் இதை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள். தெரபிஸ்ட் கிடைத்த உற்சாகத்தில் நாளையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பல காலம் அன்றாடம் குடித்த உடம்பு, கடைசிக் கிளாஸுக்குப் பிறகு ஆறேழு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும். வேர்க்கும், குமட்டும், தூக்கம் போகும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரும். இன்னும் சிலருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் நினைவு தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். அந்த நிலையில் சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் இதைப் பத்திரமாகக் கடத்திவிடலாம். அது திரையில் நடக்கிற காரியமல்ல.

இதில் ஆளை எடைபோடவும் ஒரு வழி இருக்கிறது. "தினமும் குடிக்கிறேன்" என்று நீங்கள் சொன்ன பிறகு, "காலையில் கை நடுங்குகிறதா? இதற்கு முன் நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்ததா?" என்று கேட்காத தெரபிஸ்ட் எத்தனை இனிமையாகப் பேசினாலும் வேண்டாம்.

3. எல்லாருக்கும் எம்.ஐ. தேவையில்லை. விடுவதென்று ஏற்கெனவே உறுதியாக முடிவெடுத்துவிட்டவர், "ஏன் விட வேண்டும்?" என்று மறுபடி பேசிக்கொண்டிருப்பது நேர விரயம், அவர் எப்படி விடுவது என்ற திட்டத்துக்கு நேரே போகலாம். காதில் குரல் கேட்பது, சாக வேண்டும் போலிருப்பது, படுக்கையை விட்டே எழ முடியாத சோர்வு — இவற்றுக்கு முதலில் மனநல மருத்துவர். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர், நடைப்பயிற்சியை நாளை நாளை என்று தள்ளுகிறவர் ஆகியோருக்கும் இந்த முறை உதவும். குடிக்காக மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம்.

4. படிப்பையும் பதிவையும் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு. சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் என்றால் அந்தத் துறையில் எம்.ஃபில். போன்ற படிப்பு. மாத்திரை எழுத மருத்துவரால் மட்டுமே முடியும். சிக்கல் 'கவுன்சிலர்' என்ற பட்டத்தில்தான். 2021-இல் இணை மருத்துவத் தொழில்களுக்கென்று மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் ஆலோசகர்களும் வருகிறார்கள். ஆனாலும் வார இறுதி வகுப்புக்குப் போய்வந்தவரும் முதுகலை முடித்தவரும் ஒரே பட்டத்தை இன்னும் போட்டுக்கொள்கிறார்கள். எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று கேட்டால் நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் உங்களுக்கு வேலை மிச்சம்.

5. 'எம்.ஐ. சர்டிஃபைடு' என்ற வாசகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த முறையில் சிகிச்சை தர இதற்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. மின்ட் என்று பயிற்சியாளர்களின் உலக அமைப்பு ஒன்று உண்டு. அதில் உறுப்பினர் என்றால் பிறருக்குக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி பெற்றவர் என்று அர்த்தம். நல்ல அடையாளம்தான், ஆனால் அது சிகிச்சைக்கான முத்திரை அல்ல. ஒரே ஒரு பயிலரங்கு ஆளை மாற்றிவிடாது என்று மில்லரே 2001-இல் ஆராய்ந்து எழுதினார்: பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் தங்களிடம் மாற்றம் வந்துவிட்டதாக நம்பினார்கள், நோயாளிகளின் பேச்சிலோ பெரிய மாற்றம் இல்லை. தன் செஷனைப் பதிவுசெய்து, மூத்தவர் ஒருவர் கேட்டுத் திருத்திச் சொன்னால்தான் கை பழகும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இது: "நோயாளியின் சம்மதத்தோடு உங்கள் செஷனைப் பதிவுசெய்து யாராவது கேட்டுக் குறை நிறை சொல்லியிருக்கிறார்களா?" பெரும்பாலோர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவே மாட்டார்கள். "ஆமாம், இன்னாரிடம் பழகினேன்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு முதல் செஷனை நம்பிக் கொடுக்கலாம்.

6. மேடையில் மைக் பிடித்துக் கைதட்டல் வாங்கும் மோட்டிவேஷன் பேச்சாளர்களும் தேடலில் வந்து விழுவார்கள். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருபத்தொரு நாளில் கேரண்டி என்பவரையும் அதே கூடையில் போடுங்கள்.

7. முதல் செஷனில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தேர்வு உண்மையில் அங்கேதான் நடக்கிறது. ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வேலை முடிஞ்சு ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது மேடம். அதுக்காக அது இல்லாம முடியாதுன்னும் இல்ல."

ஒரு தெரபிஸ்ட், "தினமும் குடிச்சா லிவர் என்னாகும்னு தெரியுமா? பிள்ளைங்களை நினைச்சுப் பாத்தீங்களா?" என்கிறார். உடனே பதில் வரும்: "எங்க பெரியப்பா எழுபது வயசு வரைக்கும் குடிச்சாரு, ஒண்ணும் ஆகல." கதை முடிந்தது. அவர் இப்போது பெரியப்பாவின் வக்கீல்.

இன்னொருவர், "தூக்கத்துக்கு அது உதவுது. அதே சமயம் அதை நம்பியே இருக்கோமோன்னும் ஒரு யோசனை ஓடுது" என்கிறார். அதில் கேள்வியே இல்லை என்பதைப் பாருங்கள். கேட்டதைத் திருப்பி வைத்தார், சொல்லாமல் விட்டதையும் கொஞ்சம் சேர்த்து வைத்தார். அதற்கு வருகிற பதில் வேறு மாதிரி: "ஆமா மேடம். போன வாரம் பொண்ணு, அப்பா வாடை அடிக்குதுன்னு தள்ளிப் படுத்துட்டா." எம்.ஐ.யில் இதைத்தான் காத்திருந்து பிடிப்பார்கள். இதற்கு மேல் எந்த லிவர் படமும் தேவையில்லை.

தெரபிஸ்டின் பேச்சை அளக்க இத்துறையில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு தடவையாவது இப்படித் திருப்பிச் சொல்லியிருந்தால் தேர்ந்த கை. நீங்கள் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். போலீஸ் விசாரணை போலக் கேள்விமேல் கேள்வி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். "விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு, நீங்கள் ஐந்து என்றதும், "ஏன் எட்டு இல்ல?" என்பவர் பாதிதான் படித்தவர். "ஏன் ரெண்டு இல்லாம அஞ்சு?" என்பவர் வேலை தெரிந்தவர். முன்னதற்கு விடாததற்கான சாக்குகள் வரும். பின்னதற்கு விடுவதற்கான காரணங்கள் வரும். யோசனை சொல்லும் முன், "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

எதிர்ப்பக்கத்துப் போலியும் உண்டு. நீங்கள் சொன்னதையே கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லி, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, மூன்று செஷன் ஆகியும் பேச்சு எங்கேயும் நகராமல் வைத்திருப்பவர். அன்பானவர்தான். ஆனால் எம்.ஐ. என்பது ஒரு திசை நோக்கிப் போகிற பேச்சு. கடைசியில் அது திட்டமாகித் தேதியில் வந்து நிற்க வேண்டும்.

8. உங்கள் வீட்டு மொழியில் பேசக்கூடியவராகத் தேடுங்கள். ஆங்கிலத்தில் எல்லாரும் கொஞ்சம் ஒழுங்கான ஆளாகிவிடுவோம்.

9. பேசும் இடத்தை ஏற்பாடு செய்யுங்கள். ஒற்றை அறை வீட்டில் அம்மா டி.வி. பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து யாரும் உண்மை பேச முடியாது. மொட்டை மாடி, நிறுத்திவைத்த கார், அலுவலகத்தில் காலியான மீட்டிங் ரூம் எதுவானாலும் சரி, இயர்போன் கட்டாயம். நெட் திக்கினால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள், பழுதில்லை. மனநலச் சிகிச்சையில் ரகசியம் காக்கப்படுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் உரிமை என்கிறது. பதிவுசெய்வார்களா, குறிப்பு எங்கே சேமிக்கப்படும் என்று கேட்டுவிடுங்கள். ஆரம்பத்திலேயே உங்கள் முகவரியையும் நெருங்கியவர் ஒருவரின் எண்ணையும் அவர் கேட்டால் சந்தேகப்படாதீர்கள். திரைக்கு அந்தப்பக்கம் உங்களுக்கு ஏதாவது ஆனால் ஆள் அனுப்ப அவருக்கு வேறு வழியில்லை.

10. இருபது செஷன் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடத்திய ப்ராஜெக்ட் மேட்ச் ஆய்வின் முடிவுகள் 1997-இல் வந்தன. எம்.ஐ. அடிப்படையில் நான்கே செஷன் பெற்றவர்களும், வேறு முறைகளில் பன்னிரண்டு செஷன் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். ஒவ்வொரு செஷனாகக் கட்டணம் கட்டுங்கள். கையில் காசே இல்லையென்றால் டெலி-மானஸ் இருக்கிறது: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுச் சேவை. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். எம்.ஐ. நிபுணரே கிடைப்பார் என்பதில்லை, ஆனால் அடுத்து எங்கே போவது என்று வழி சொல்வார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தெரபிஸ்ட் தேடுவதை நிறுத்திவிட்டு இந்த எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

11. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவில் தெரபிஸ்டுக்கு, நீங்கள் இருக்கும் மாநிலத்தில் சிகிச்சை தர அனுமதி இருக்க வேண்டும். சென்னையில் உள்ளவரோடு பேசத் தோன்றினால் அதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

12. கணவருக்காகவோ மகனுக்காகவோ தேடுகிற அம்மாமார்களே, அவரைத் திரைமுன் உட்காரவைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்காதீர்கள். "நேத்து எவ்வளவுன்னு சொல்லுங்க, ஏன் மறைக்கிறீங்க?" என்று அங்கிருந்து குரல் வந்த கணத்தில் செஷன் செத்துவிடும். அவர் வரச் சம்மதிக்காவிட்டால் நீங்கள் உங்களுக்காக ஒரு செஷன் போடுங்கள். குடிப்பவரின் வீட்டாருக்கென்றே தனி முறைகள் இருக்கின்றன. வீட்டில் சண்டையில்லாமல் எப்படிப் பேசுவது என்று அதில் கற்றுத்தருவார்கள்.

13. இரண்டு செஷன் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, நீங்கள் மாற வேண்டியதற்கான காரணங்களை நினைவிலிருந்து எழுதுங்கள். அவை உங்கள் வாயால் வந்தவை என்றால் அவரிடமே தொடருங்கள். எழுதியதெல்லாம் தெரபிஸ்ட் சொன்னதாக இருந்தால், நன்றி சொல்லி இரண்டு வரிச் செய்தி அனுப்பிவிட்டு அந்த வாரமே வேறு ஆளைத் தேடுங்கள்.