ஆவரசு: வெட்டுமுன் அறிவோம்

பல ஆண்டுகள் கைவிடப்பட்ட காணிக்குத் திரும்பும்போது எம்மை முதலில் எதிர்கொள்வது பற்றைதான். கத்தியெடுத்து எல்லாவற்றையும் வெட்டிக் குவித்து எரித்துவிடுகிறோம். அந்தப் பற்றைக்குள் எமக்கு உதவும் செடிகளும் உண்டு. ஆவாரை எனப்படும் ஆவரசு அவற்றில் ஒன்று. சிங்கள மக்கள் இதனை ரணவரா என்பர். உலர்ந்த பூவில் தேநீர் போலப் பானம் தயாரிப்பர்.

இலை: ஒரு காம்பில் பெரும்பாலும் 8 முதல் 12 சோடிச் சிற்றிலைகள் இருக்கும். காம்பின் அடியில் காதுபோல் அகன்ற இரு இலையடிச் செதில்களைக் காணலாம். 1753இல் லின்னேயஸ் இதற்கு இட்ட இலத்தீன் பெயரும் 'காதுடையது' என்றே பொருள்படும்.

பூ: மஞ்சள் இதழ்கள் ஐந்து. கேசரங்கள் பத்து, மேலுள்ள மூன்றும் மலடு. மகரந்தப் பைகள் நுனித் துவாரத்தால் மட்டுமே திறப்பதால், கருவண்டு பூவைப் பற்றி உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்த்தெடுக்கிறது.

காய்: தட்டையானது, முற்றியதும் கபில நிறமாகும்.

வேர்: அவரைக் குடும்பத்துச் செடியாயினும், பயறு, சணல் போல வேர்முடிச்சில் நைதரசனைச் சேர்க்கும் செடியன்று. பயன் இலையிலேயே உள்ளது. எரித்தால் இலையிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும். எனவே வரம்போரம், வேலியோரம் நிற்பவற்றை வேரோடு பிடுங்காமல் கிளைகளை மட்டும் வெட்டுவோம். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வெட்டிய குழையை விதைப்புக்கு முன்பே வயற்சேற்றில் மிதித்துப் புதைத்தால் நல்ல பசுந்தாட் பசளையாகும். பட்டை தோல் பதனிட உதவுவது. ஆனால் தண்டைச் சுற்றி உரித்தால் செடி பட்டுவிடும்.

எச்சரிக்கை: பொன்னாவரையும் மஞ்சளாகவே பூக்கும். அதன் விதை கால்நடைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் நஞ்சு. அதற்குச் சிற்றிலைகள் 4 அல்லது 5 சோடியே, நுனி கூரானது, கசக்கினால் கெட்ட மணம் வீசும், அகன்ற 'காது' இல்லை. மஞ்சட் பூவை மட்டும் நம்பிப் பறிக்க வேண்டாம், இலையைப் பார்ப்போம்.

கலந்துரையாட:

1. எமது காணியில் ஆவரசு எங்கெங்கே நிற்கிறது? எதனை விடலாம், எதனை வெட்டலாம்?

2. ஆவரசையும் பொன்னாவரையையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளுக்கு வேறுபாட்டைக் காட்டினோமா?

3. பசளைக்குச் செலவிடும் பணத்தில் எவ்வளவை வேலியோரக் குழையால் மீதப்படுத்தலாம்?