பொடியோடு பழக வந்த மகளுக்கு

மகளே, ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் இயந்திரத்தில் உன்னை வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் மனம் குளிர்ந்தது. உலையில் மணிக்கணக்கில் இறுகும் பொடியை அது சில நிமிடங்களில் கட்டியாக்கிவிடும். அந்த வேகம் உன் கைக்கும் தொற்றிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

1. புட்டியில் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பாதே. துகளின் அளவைப் பார், ஈரம் போக உலர்த்து. நுண்ணிய டைட்டானியம், அலுமினியப் பொடிகள் காற்றில் தீப்பற்றக்கூடியவை. அவற்றை ஒருநாளும் அலட்சியமாகத் தொடாதே.

2. பொடி நிரப்பும் கிராஃபைட் அச்சை நீயே அடுக்கு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பையன் உள்ளே சுற்றும் கிராஃபைட் தாளைச் சற்றுக் குறைவாக வெட்டிவிட்டான். உலோகம் அச்சோடு ஒட்டிக்கொண்டது. அச்சை உடைத்துத்தான் கட்டியை எடுத்தோம். யாரும் அவனைத் திட்டவில்லை. மறுநாள் அவன் தாளை அளந்த விதமே வேறாக இருந்தது. அழுத்தத்தை ஏற்றும்போதும் அவசரப்படாதே: கிராஃபைட் அச்சு பொதுவாக 100 மெகாபாஸ்கல் வரைதான் தாங்கும். பதறாத காரியம் சிதறாது.

3. வெப்பநிலையில் நேர்மையாக இரு. தொடாமலே சூட்டை அளக்கும் பைரோமீட்டர் காட்டுவது அது பார்க்கும் இடத்தின் சூட்டை. உள்ளே இருக்கும் பொடியின் சூடு அதிலிருந்து பல டிகிரி விலகியிருக்கும், சில வேளை 100 டிகிரிகூட. ஒரே பொடி, ஒரே வெப்பநிலை, ஆனால் முடிவு வேறு என்று இரண்டு கூடத்தார் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் அச்சின் வெளிச்சுவரில் அளந்திருந்தார், மற்றவர் மேலிருந்து பொடிக்கு அருகில். இருவர் சொன்னதும் உண்மைதான். எங்கே அளந்தோம் என்பதை இருவருமே எழுதவில்லை. நீ எழுது.

4. இயந்திரத்தின் பெயரில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் பிளாஸ்மாவைக் காரணம் சொல்லாதே. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து, தங்கள் சோதனைகளில் பொறியும் இல்லை, பிளாஸ்மாவும் இல்லை என்று வெளியிட்டார்கள். மின்னோட்டம் தரும் சூடு, அழுத்தம், விரைவாகச் சூடேறுவது: இவை மூன்றே பெரும்பகுதியை விளக்கிவிடும். தெரிந்ததை மட்டும் சொல்வதற்குத் துணிவு வேண்டும், அது உனக்கு உண்டு.

5. அடர்த்தி அளக்குமுன் மேலே ஒட்டிய கிராஃபைட்டை முழுக்கத் தேய்த்து எடு. வெள்ளை அலுமினா சாம்பல் நிறத்தில் வந்தால் மறைக்காதே. கார்பன் புகுந்திருக்கலாம், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், விசாரி. கணக்கில் அலுமினாவின் முழு அடர்த்தியாக 3.98 போட வேண்டிய இடத்தில் 3.95 போட்டால் சதவீதம் ஏறும், பொருள் இறுகாது. அந்த ஆசை நல்லவர்களுக்கும் வரும்.

6. விரிசல் விட்ட கட்டியைத் தூக்கி எறியாதே. தேதி, அழுத்தம், சூடேற்றிய வேகம் எல்லாம் எழுதி ஒட்டிப் பத்திரப்படுத்து. அதற்கென்று அலமாரியில் ஒரு டப்பாவை இன்றே கேட்டு வாங்கிக்கொள், மகளே.