மாத்திரையா, நாட்டுச்சர்க்கரையா, சீனித்துளசியா?

கேள்வி: எங்களுக்குக் கரும்பு விவசாயம். எறையூர் ஆலைக்கு அனுப்புகிறோம். எனக்குச் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து காபியில் அஸ்பார்டேம் மாத்திரைதான். அதில் புற்றுநோய் வரும் என்று மகன் பயமுறுத்துகிறான். ஜெயங்கொண்டத்தில் இருக்கும் தங்கையோ, "நாட்டுச்சர்க்கரை போட்டுக்கோக்கா, ஒண்ணும் செய்யாது" என்கிறாள். பேசாமல் சீனித்துளசி வளர்க்கலாமா டாக்டர்?
- வாசகி, வேப்பந்தட்டை

பதில்: தங்கையின் யோசனையை முதலில் தள்ளிவிடுங்கள் அம்மா. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி, ஆலைச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். தாது உப்புகள் கொஞ்சம் கூடுதல். அதற்காக ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருக்காது. கரும்பு விளைவிக்கும் வீட்டில் இதைச் சொல்ல எனக்கும் சங்கடம்தான்.

மகன் சொல்வது 2023 ஜூலையில் வந்த செய்தி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமைப் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' வரிசையில் வைத்தது. சான்று குறைவு என்று அவர்களே சொன்னார்கள். அதே சமயம் கூடிய உணவுச் சேர்மான நிபுணர் குழு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். மாத்திரை ஒன்றில் சுமார் 20 மில்லிகிராம்தான் இருக்கும். கணக்கை மகனையே போடச் சொல்லுங்கள்.

சீனித்துளசி பராகுவே பக்கத்துச் செடி. இலையில் இருக்கும் ஸ்டீவியால் கிளைக்கோசைடுகளைப் பிரித்தெடுத்தால் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. இந்தியாவில் 2015-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் 2008-இல் அதே உணவுச் சேர்மான நிபுணர் குழு வகுத்த வரம்பு அந்தத் தூய சாற்றுக்குத்தான், இலைக்கு அல்ல. கடையில் வாங்கும் பொடியிலும் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருக்கலாம். இரண்டும் சர்க்கரையை ஏற்றும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். உடல் எடையைக் குறைக்க இவ்வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது ஸ்டீவியாவையும் சேர்த்தே சொன்னது. செடியிலிருந்து வந்தது என்பதற்காகத் தனிச் சலுகை இல்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

வளர்ப்பதென்றால் தொட்டியில் வையுங்கள். உங்கள் பக்கத்துக் கரிசல் மண் நீரைப் பிடித்துவைக்கும், வேர் அழுகிவிடும்; மணல் கலந்துகொள்ளுங்கள். மொட்டு விடும் முன் இலை பறித்தால் இனிப்பு தூக்கலாக இருக்கும். எப்போதாவது ஓரிரு இலை போதும், கூடினால் கசக்கும்.

சர்க்கரையைக் குறைக்கும் என்று யாராவது சிறுகுறிஞ்சான் பொடி கொடுத்தால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். சர்க்கரை நோய்க்காக நீங்கள் சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.