கண்மணியைச் சுருக்கும் மருந்து: அறிந்து பாவிப்போம்

இடம்பெயர்ந்து பொல்பிட்டியப் பக்கம் வந்திருக்கும் நம் குடும்பங்களில் முதியவர்கள் சிலர் கண்ணுக்குத் துளி மருந்து விடுகின்றனர். மரக்கறி செய்வோர் பூச்சி மருந்து தெளிக்கின்றனர். இவ்விரண்டிலும் சில வகைகள் கண்மணியை ஒரே விதமாகச் சுருக்குபவை. ஆகவே இம்முறை இதனைப் படிப்போம்.

1. கண்மணி சுருங்குவது எப்படி?

கருவிழியின் நடுவிலுள்ள கறுப்புத் துவாரமே கண்மணி. நரம்பு நுனியில் சுரக்கும் அசற்றைல்கோலின் என்ற பொருள் அதைச் சுருக்கும் தசையை இயக்குகிறது. அப்பொருளைப் போல வேலை செய்பவை கொலினேர்ஜிக் மருந்துகள். தென்னமெரிக்கச் செடியொன்றின் இலையிலிருந்து 1875 இல் பிரித்தெடுக்கப்பட்ட பைலோகாப்பீன் இவற்றுள் முக்கியமானது.

2. எந்த நோய்க்கு?

குளுக்கோமா நோயில் பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடுகிறது. பைலோகாப்பீன் கண்ணீர் அல்லாத உள்நீர் வடிய வழிசெய்து அழுத்தத்தைக் குறைக்கும். இன்று டிமோலோல் போன்ற வேறு துளிகளே அதிகம் கொடுக்கப்படுகின்றன. எனினும் நீர் வடியும் வழி திடீரென அடைபடும்போதும், சில லேசர் சிகிச்சைக்கு முன்னரும் பைலோகாப்பீன் உதவுகிறது.

இழந்த பார்வை திரும்பாது, இருப்பதையே காக்கலாம். எனவே இடம் மாறினாலும் கிளினிக் அட்டையைக் கைவிடாதீர்கள். அது தொலைந்திருந்தால் மருந்துப் போத்தலையாவது புதிய கிளினிக்கில் காட்டுங்கள்.

3. விடும் முறை

கையைக் கழுவுங்கள். கீழிமையை இழுத்து ஒரு துளி விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். புருவ நோவும் மங்கலும் வரலாம். அந்தியில் படிக்கட்டுகளில் கவனம் தேவை. ஒருவரின் மருந்தை இன்னொருவர் பாவிக்கக்கூடாது.

4. பூச்சி மருந்து

ஒகனோபொஸ்பேற் மருந்துகள் உடலில் அசற்றைல்கோலினைத் தேங்கச் செய்கின்றன. கண்மணி ஊசிமுனையளவாகும், வியர்வை, உமிழ்நீர், வாந்தி, மூச்சுத்திணறல் ஏற்படும். மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் இரண்டும் 1995 இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. ஆனால் இவ்வினம் முழுவதும் ஒழிந்ததென எண்ணவேண்டாம்.

தெளித்தவருக்கு இக்குறிகள் கண்டால் உடையைக் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, போத்தலுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கு எதிர்மருந்தான அத்திரோப்பின் ஊசியாக ஏற்றப்படும். ஊமத்தையிலும் அது உண்டு என்பதற்காக அதன் சாற்றைக் கண்ணில் விடவோ குடிக்கக் கொடுக்கவோ வேண்டாம். அது விஷம். நோயாளி கண் துளி பாவிப்பவராயின் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கலந்துரையாட:

1. நம் லயத்தில் கண் துளி மருந்து பாவிப்போர் யார்? அவர்களது அட்டை உள்ளதா?
2. பூச்சி மருந்துப் போத்தல்களை எங்கே வைக்கிறோம்?
3. இரவில் ஒருவருக்கு மூச்சுத்திணறினால் வாகனம் தருபவர் யார்?