நகர மறுக்கும் நட்டு

பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை உங்கள் ஊரில் உண்டா? அங்கே ஒரு நாள் சற்று நின்று பாருங்கள். காரின் அடியில் மல்லாந்து படுத்தபடி ஒருவர் ஒரு சின்னஞ்சிறு நட்டுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். உங்கள் இயற்பியல் பாடநூலின் பல பக்கங்கள் அந்தப் போராட்டத்தில் அடங்கியுள்ளன.

உத்தர்பாராவில் 2014-ஆம் ஆண்டு வரை தயாரான அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். பிரேக் மிதியில் கொடுக்கும் அழுத்தம் பிரேக் எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்குப் பரவுகிறது. இது பாஸ்கல் விதி. எண்ணெயைச் சுமந்து செல்வது மெல்லிய எஃகுக் குழாய். அது ரப்பர் குழாயுடன் சேரும் இடத்தில், கை எளிதில் நுழையாத இடுக்கில், ஓர் அறுகோண நட்டு இருக்கிறது. மழைநீரும் சேறும் பட்டு அது துருப்பிடிக்கிறது. துரு, தான் உருவான இரும்பைப் போல இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே மரைகளுக்கு நடுவே ஆப்பு அடித்தாற்போல் நட்டு இறுகிவிடுகிறது.

என்னிடம் இருந்த பழைய அம்பாசிடரில் இந்த நட்டைச் சாதாரணத் திறந்த வாய் ஸ்பேனரால் நானே கழற்ற முயன்றேன். நட்டு நகரவில்லை, அதன் மூலைகள்தான் மழுங்கிப்போயின! ஏன் தெரியுமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். நட்டைக் கழற்ற 20 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வேண்டும் என்று கொள்வோம். 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் நாம் கொடுக்க வேண்டிய விசை 100 நியூட்டன்தான். ஆனால் நட்டின் மையத்திலிருந்து மூலைக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே. திறந்த வாய் ஸ்பேனர் இரண்டு மூலைகளை மட்டும் பிடிக்கிறது. ஆகவே ஒவ்வொரு மூலையும் சுமார் 1,670 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். துருவேறிய மூலை தாங்குமா?

இதற்கென்றே ஃபிளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது. குழாய் நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் வெட்டிவிடப்பட்ட வளைய ஸ்பேனர் இது. ஐந்து மூலைகளைப் பிடிப்பதால், விசை சமமாகப் பகிரப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 670 நியூட்டன்தான்!

அடுத்த சிக்கல் இடநெருக்கடி. அறுகோணம் 60 பாகைக்கு ஒருமுறை அதே நிலைக்கு வரும். ஆகவே நேரான தலை உள்ள ஸ்பேனரை 60 பாகை சுழற்றினால்தான் மறுபடி மாட்டலாம். இடுக்கில் அதற்கு வழியில்லை. ஆனால் பல ஸ்பேனர்களின் தலை 15 பாகை சாய்ந்திருக்கும். ஒரு தடவை திருப்பியபின் ஸ்பேனரைப் புரட்டிப் போட்டால் 30 பாகை சுழற்சியே போதும். படம் வரைந்து சரிபாருங்கள்.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டுவார். பிறகு ஊடுருவும் எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டுக் காத்திருப்பார். நுண்புழை ஏற்றத்தால் அது மரைகளுக்குள் புகும். அந்த எண்ணெய் பிரேக்கின் உள்ளே போய்விடாமல் துடைத்துவிடுவார்; போனால் ரப்பர் வளையங்கள் உப்பிவிடும். கழற்றும்போது ரப்பர் குழாயின் முனையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்வார். நட்டுடன் எஃகுக் குழாயும் சேர்ந்து சுழன்றால் உடனே நிறுத்துவார். முறுக்கேறிய குழாய் விரிசல் விட்டால் எண்ணெய் ஒழுகும், பிரேக் பிடிக்காது.

மீண்டும் இணைத்தாலும் வேலை முடியவில்லை. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். காற்றுக்குமிழி இருந்தால் மிதி உள்ளே போகும், கார் நிற்காது! ஓர் உயிர் இந்தக் குமிழியைப் பொறுத்தது.

ஆகவே காரில் இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். வீட்டுச் சைக்கிளின் ஒரு நட்டைக் குட்டை ஸ்பேனராலும் நீள ஸ்பேனராலும் கழற்றிப் பாருங்கள். திருப்புத்திறன் என்ன என்பதை உங்கள் கையே சொல்லும்.