மீன் தொட்டியில் ஆறா, கடலா?

மாஞ்சோலை மலையில் பெய்யும் மழைநீர் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது; புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. விலாங்கு மீன் ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிறது. கெண்டை மீன் கடலுக்குள் போனால் இறந்துவிடும். ஏன்? வீட்டு மீன் தொட்டியில் நன்னீர் மீன்களுக்குப் பதிலாகக் கடல் மீன்களை வளர்க்கலாமா என எண்ணும் மாணவர், முதலில் இதற்கு விடை காண வேண்டும்.

நன்னீர் மீனின் உடல் திரவம் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிக்கது. எனவே சவ்வூடு பரவலால் செவுள்களின் வழியே நீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. கடல் மீனிலோ நீர் வெளியே போகிறது. அது கடல் நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே கழிக்கிறது. விலாங்கின் செவுள் இரு வேலைகளுக்கும் மாறக்கூடியது. கெண்டையின் செவுள் அப்படியன்று. ஆகவே மீனை மாற்றினால் போதாது, நீரையே மாற்ற வேண்டும்.

தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் ஆகாதா? ஆகாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிந்தபின், மெக்னீசிய உப்புகள் பெரும்பாலும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. கடல் மீனுக்கு அவையும் தேவை. இதற்கெனக் கடைகளில் கிடைக்கும் உப்புக் கலவையையே வாங்க வேண்டும்.

இனி ஒரு கணக்கு. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு எனக் கொள்வோம். 50 லிட்டர் தொட்டியில் 1750 கிராம் உப்பு இருக்கும். கோடையில் 5 லிட்டர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. மிஞ்சிய 45 லிட்டரில் லிட்டருக்கு 38.9 கிராம்! 200 லிட்டர் தொட்டியில் மேற்பரப்பு பெரிது. அங்கே 10 லிட்டர் ஆவியானாலும் 36.8 கிராம்தான். சிறிய தொட்டிதான் எளிது என்பது பலர் நினைப்பு, உண்மை நேர்மாறானது. குறைந்த நீரை ஈடுசெய்ய நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்பு நீரை அன்று.

28 டிகிரி செல்சியஸில் கடல் நீர், நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும். மின்சாரம் நின்று காற்றுப் பம்பு ஓயும் இரவில் இது பெரிய வித்தியாசம். அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊரில், 100 லிட்டருக்குக் குறைந்த தொட்டி வைத்திருப்பவர் நன்னீரிலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து. நன்னீர் ஒன்றும் குறைந்ததல்ல. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய கெண்டை இனம் ஒன்று உண்டு. அதை விவரித்த இ. ஜி. சைலஸ் பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார்!

கடலையே விரும்புவோர் மன்னார் வளைகுடாவில் எதையும் பொறுக்கி வரக் கூடாது. பவளங்களும் கடல் குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கோமாளி மீன்களைப் பண்ணையில் பொரிக்கச் செய்யும் முறையை மேற்சொன்ன ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியுள்ளது. அவ்வாறு பிறந்த மீன்தானா எனக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஆனால் மீன் வாங்குமுன், உப்பு நீரை மட்டும் நிரப்பி ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் நீர்மட்டத்தைக் கோடிட்டு, நாள்தோறும் நீர்மமானியால் அடர்த்தியைக் குறித்து வாருங்கள். முப்பது நாள் அளவுகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்தால் கடைக்குப் போகலாம்.